ஆறு தெரியாத இடம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நான் அதிகாரி ஆகிவிடுகிறேன் என்றாய். "எழுது, எழுதும்போதாவது தங்கச்சியா இருப்பே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஒரே ஊரில் மூன்று பேருந்து நிறுத்தத் தொலைவில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் நீ சொன்னது சரிதான். எழுதும்போது குரலை உயர்த்த முடிவதில்லை.

நல்ல செய்தி முதலில். ஆற்றோர நடைபாதைக்கு, நகரத் திட்டங்களுக்கு உதவும் நிதியம் பணம் ஒதுக்கிவிட்டது. ரயில் பாலத்திலிருந்து கீழ்க்குடியிருப்பு வரை, ஒரே பாதை, எங்கும் அறுபடாமல். அறுபடாமல் இருந்தால்தான் பணம் என்பது அவர்கள் விதி. துண்டு துண்டாகப் போட்ட பாதைகளில் யாரும் நடப்பதில்லையாம்.

கரை நெடுக ஏதோ ஒரு தடம் இப்போதே இருக்கிறது, உனக்குத் தெரியும். அது இரண்டு பக்கமிருந்தும் வந்து உன் வீட்டுச் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. கீழ்க்குடியிருப்புப் பிள்ளைகள் அங்கே சந்தில் ஏறி, லாரிச் சாலையின் ஓரமாக நடந்து, மறுபடி கரைக்கு இறங்குகிறார்கள். அந்தச் சாலையில் ஓரம் என்று ஒன்று கிடையாது. காலையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் கடைசிப் பிள்ளை கரைக்கு இறங்கும்வரை நின்றுவிடுவேன். நான் இந்த வேலையில் இருப்பதே அதற்காகத்தான் என்றுகூட நினைத்துக்கொள்வேன்.

வரைபடத்தில் உன் கொல்லைப்பக்கத்தைப் புள்ளிக்கோட்டில் காட்டியிருக்கிறேன். பயப்படாதே. எங்கள் மாநகராட்சி அலுவலகத்தில் புள்ளிக்கோடு என்றால் "இன்னும் பேசி முடிக்கவில்லை, உரிமையாளரைக் கேட்க வேண்டும்" என்று அர்த்தம். கேட்க வேண்டியவள் நான். கேட்கிறேன். ஆற்றுப்பக்கச் சுவரை எடுத்துவிட்டு, ஓரமாக ஒரு பாதைக்கு இடம் தருவாயா?

சிட்டுவுக்கு என் முத்தம். அத்தான் எந்த ஊருக்குப் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறாரோ, திரும்பியதும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
வாலு


பிப்ரவரி 16

வாலுவுக்கு,

சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு உன் கடிதத்தைப் படித்தேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் காகிதத்தின் சத்தம் பிடித்திருந்தது. உறையை எனக்குத் தரவேயில்லை.

அவளுக்குப் பதினொரு வயது முடிந்துவிட்டது. பேச்சு வரவில்லை, இனி வருமா என்று கேட்பதை மருத்துவரிடம் நிறுத்திவிட்டேன். ஆனால் ஓட்டம் கூடியிருக்கிறது. போன வாரம் நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் முன்வாசல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். எங்கே கண்டுபிடித்தேன் தெரியுமா? மீன்கடையில், உயிர்மீன் தொட்டிக்குள், இடுப்பு வரை. கடைக்காரர் பயந்துபோய், "அம்மா, கூப்பிட்டுப் பார்த்தேன், இந்தப் பக்கமே திரும்பலம்மா" என்கிறார். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறாள். போனால் நிற்பதில்லை, இறங்குகிறாள்.

நான் தூங்குகிறேன் என்றால் அந்தச் சுவரால் தூங்குகிறேன். வேறு எதனாலும் இல்லை. லாரிச் சாலையை நானும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இருக்கும் பயம்தான் எனக்கும். ஆனால் என்னால் முடியாது. கேட்டாய், சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 2

தங்கைக்கு,

இன்று காலை இரண்டு பேர் வந்தார்கள். முக்காலித் தாங்கி, அளக்கும் கருவி, சிவப்புச் சாயம் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். கதவைத் திறந்தால், "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, பாதையை அளக்கணும்" என்றார் பெரியவர்.

"எந்தப் பாதையை?"

"இங்க போற பாதைதான். ஏற்கெனவே இருக்கிற பாதைன்னு படத்துல இருக்கு."

"இங்க பாதையா? என் துணிக்கொடிதான் இருக்கு. அதுல வேணா நடந்து பாருங்க."

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிறியவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, படத்துல சுவரே இல்லண்ணே" என்றார்.

முடியாது என்று நான் எழுதியது உனக்குக் கிடைத்ததா இல்லையா? உன்னைப் பார்த்து நான் கேட்கிறேன். என் சுவரைக் காகிதத்தில் இடித்தது யார்?

அக்கா


மார்ச் 5

அக்கா,

சுவரை இடித்தது நான்தான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. முடியாது என்ற உன் பதில் கிடைத்தது, படம் அதற்கு முன்பே நிதியத்துக்குப் போயிருந்தது. இதை நீ நம்புவாயா என்றே தெரியவில்லை.

எங்களுக்குப் புள்ளிக்கோடு என்றால் "கேட்க வேண்டும்". நிதியத்தின் அட்டவணையில் புள்ளிக்கோடு என்றால் "ஏற்கெனவே பொதுமக்கள் நடக்கும் பாதை, செலவு தேவையில்லை". கேட்க வேண்டிய ஒரே இடத்தை, கேட்கவே வேண்டாத ஒரே இடமாக அவர்கள் படித்திருக்கிறார்கள். எந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று படத்தின் மூலையில் ஒரு கட்டம் போடுவோம். அவர்கள் கேட்ட தாளின் அளவுக்குப் படம் அடங்கவில்லை. அந்தக் கட்டத்தை வெட்டிவிட்டு அனுப்பினேன். அடங்கியது.

ஆட்கள் அளக்க வந்ததாக நீ எழுதிய கடிதம் வந்த அன்றே தலைமைப் பொறியாளரிடம் ஓடினேன். அவர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார். "ஏம்மா, நாம பொய் எழுதலையே. அவங்க தப்பாப் படிச்சா நாம என்ன பண்றது? புள்ளிக்குப் புள்ளி விளக்கம் சொல்லிட்டிருந்தா மொத்தமும் கையை விட்டுப் போயிடும். அந்த வீட்டுக்காரங்க யாரு, பேசி முடிங்க."

அந்த வீட்டுக்காரங்க யார் என்று நான் சொல்லவில்லை.

அக்கா, ஒரு வேலி போட்டால்? நிதியத்தின் விதிப்படி ஆற்றுப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் கூடாது, தண்ணீர் தெரிய வேண்டுமாம். அதனால் வீட்டுப்பக்கம் போடலாம். வாசலுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடலாம். நான் நிதியத்துக்கு எழுதித் தெரிவித்தால் பணம் நின்றுவிடும். விளக்குகள் வராது, படிகள் வராது. அந்தப் பிள்ளைகள் அதே சாலையில் நடப்பார்கள். எழுதாவிட்டால் உன் கொல்லை. படுத்தால், சிவப்புச் சாயம் பூசிய சுவர்தான் கண்ணில் நிற்கிறது. நான் என்ன செய்யட்டும்?

வாலு


மார்ச் 9

மாநகராட்சித் திட்டப் பிரிவுக்கு,

முழங்கால் உயரம் போதும், தண்ணீர் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நியாயம்தான். எல்லோரும் பார்ப்பார்கள், அழகாக இருக்கும். சிட்டு பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள்.

இன்னொரு தாழ்ப்பாளா? அவள் எத்தனை தாழ்ப்பாள்களைத் திறந்துவிட்டாள் என்று உனக்குத் தெரியுமா? ஒவ்வொன்றையும் அவள் திறந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்காதே. "எழுது" என்று நான் சொன்னால், நாளைக்கு லாரிச் சாலையில் ஏதாவது நடந்தால் அந்தப் பழி என் தலையில். "எழுதாதே" என்றால், நடப்பது என் வீட்டில். இரண்டையும் என்னிடமே தள்ளிவிட்டு நீ மட்டும் நல்லவளாக இருந்துகொள்ளப் பார்க்கிறாய். சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டு அழுகிற முகத்தோடு என் பின்னால் வந்து நிற்பாயே, அதே ஆள்தான் நீ.

இப்படிக்கு,
அந்த வீட்டுக்காரி


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிவிட்டேன். நிதியத்துக்கு. உன்னிடம் கேட்காமல், தலைமைப் பொறியாளரிடமும் கேட்காமல். புள்ளிக்கோடு எங்கள் அலுவலகத்தில் என்ன, உங்கள் அலுவலகத்தில் என்ன, அந்த இடத்தில் உண்மையில் ஒரு சுவரும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள் என்று. குழந்தையைப் பற்றி எழுதியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. அதற்குள் அனுப்பிவிட்டேன்.

பணத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். பாதை தொடர்கிறது என்று காட்டும்வரை எதுவும் கிடையாது. தலைமைப் பொறியாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உனக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்" என்று சொல்லி, கடை உரிமப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். இப்போது பெயர்ப்பலகைகளின் நீள அகலம் பார்க்கிறேன். ஒரு சலூன்காரர் தன் பலகையைவிடத் தன் கடை சின்னது என்று அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், வேறு காரணத்துக்காக.

கீழ்க்குடியிருப்பில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். யாரும் கத்தவில்லை. ஒரு பெண் எழுந்து, "எந்த வீட்டால நிக்குது?" என்று மட்டும் கேட்டாள். மேடையில் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்கள். ஆனால் கரையில் சுவர் இருக்கும் வீடு ஒன்றுதான், அவர்களுக்குத் தெரியாதா? எனக்கு இப்போது அதுதான் பயம். யாராவது வந்து ஏதாவது சொன்னால் கதவைத் திறக்காதே. என்னைக் கூப்பிடு.

உனக்காக எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அதையும் உன் தலையில் வைத்தது போலாகும். இல்லாததைப் படத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு என்னால் அடுத்த கோடு போட முடியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் செய்தது சரி என்றும் சொல்ல முடியவில்லை.

பதில் போட வேண்டும் என்றில்லை.

வாலு


ஏப்ரல் 26

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் போட வேண்டாம் என்று நீ எழுதினால் நான் போடாமல் இருந்துவிடுவேனா? இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை. சொல்வதற்கு முழுசாக ஒன்று சேரட்டும் என்று காத்திருந்தேன்.

நீ பயந்தபடியே வந்தாள். கூட்டத்தில் எழுந்து கேட்டாள் என்றாயே, அவள்தான். தையல்காரி. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. நான் கதவைப் பாதிதான் திறந்தேன்.

"அக்கா, சண்டைக்கு வரல. எதுக்கு விட மாட்டேங்குறீங்கன்னு தெரிஞ்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்வதற்கு முன்பே சிட்டு என் கையிடுக்கில் நுழைந்து வெளியே பாய்ந்துவிட்டாள். தையல்காரி யோசிக்கவே இல்லை, கையில் இருந்த பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தால் சிட்டு கடிப்பாள். கடித்துவிட்டாள். "பரவாயில்லக்கா, ஊசி குத்தாத நாளா" என்றாள் அவள்.

பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை எதுக்குக்கா இடிக்கணும்? இது பாட்டுக்கு இருக்கட்டும். நாங்க இந்தப் பக்கமா, உங்க அடுப்படி ஓரமா நடந்துட்டுப் போறோம்" என்றாள்.

உங்கள் அலுவலகத்தில் இத்தனை பேர் இருந்தீர்கள். எனக்கும் தோன்றவில்லை. சுவர் என்றால் இருக்க வேண்டும், இல்லையென்றால் போக வேண்டும் என்றே நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். ஆற்றுச்சுவர் அப்படியே நிற்கட்டும். பக்கச்சுவர்கள் இரண்டிலும் வழி விட்டால் போதும்.

உடனே சரி என்று சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. வழி விட்டால் அதில் சிட்டுவும்தானே போவாள்? தையல்காரி, "கதவு போடுங்கக்கா, நாங்க சாத்திட்டுப் போறோம்" என்றாள். நூறு பேரில் ஒருவர் மறப்பார், எனக்கு அந்த ஒருவர் போதும் என்றேன். அத்தான் வந்து, பேருந்துப் பணிமனையில் இருக்கும் இரும்பு பற்றவைப்பவரைக் கூட்டிவந்தார். விட்டால் தானே போய் மூடிக்கொள்ளும் கனமான கதவு, கொக்கி பெரியவர்கள் கை எட்டும் உயரத்தில், அதுவும் அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும். கீழ்க்குடியிருப்புப் பிள்ளைகள் வந்து தட்டினால் நான் திறந்துவிடுவேன். ஒரு கதவைச் செய்து அடுப்படி வாசலில் மாட்டிப் பார்த்தோம். சிட்டு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். திறக்கவில்லை. இப்போதைக்கு. அவள் வளர்கிறாள், வாலு. வளர்கிற பிள்ளையைப் பார்த்துப் பயப்படும் அம்மா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

படத்தை நீதான் வரைய வேண்டும், கடை உரிமப் பிரிவில் இருந்தாலும் சரி. எந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று பக்கத்திலேயே எழுது. இடம் போதாவிட்டால் பெரிய தாளாக வாங்கு.

நானே நிதியத்துக்கு எழுதிப் போட்டேன், உன்னிடம் சொல்லாமல். பழக்கம் உன்னிடமிருந்து தொற்றியது. போன வாரம் அங்கிருந்து ஓர் அம்மா பார்க்க வந்தார். நல்ல மாதிரி, காலணியெல்லாம் சேறு. கொல்லையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"இங்க ஆறு தெரியலையே."

"தெரியாதுங்க."

"ஆத்தோரப் பாதைக்கு நாங்க பணம் கொடுக்கிறதே ஆறு தெரியணும்னுதாங்க."

"ரெண்டு பக்கமும் அவ்வளவு தூரம் தெரியுது. நடுவுல ஒரு வீட்டளவு கண்ணை மூடித் திறந்ததா நினைச்சுக்கோங்க."

அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அதற்குள் சிட்டு வந்து அவருடைய அடையாள அட்டையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். அவர் அசையாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "இது வழியா தினமும் ஜனங்க போவாங்க. நின்னு பார்ப்பாங்க. உங்களுக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டார்.

நான் பேருந்தில் எப்போதும் கடைசி இருக்கையில் உட்காருகிறவள். பார்வைகளுக்குப் பயந்து கல்யாணங்களுக்குப் போகாதவள். உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாயில் எப்படி வந்ததோ, "பார்க்கட்டுங்க. ஆறுதான் தெரியாதே, பார்க்க ஏதாவது வேணும்ல" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அவர் போனபிறகு வெகுநேரம் அடுப்பைப் பற்றவைக்கக்கூடக் கை வரவில்லை.

நிதியத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். விளக்கும் படியும் அவர்கள் கொடுத்தால் வரும். வழியை நான் கொடுத்தால் வரும். வெள்ளிக்கிழமை காலையில் கொத்தனார் வருகிறார். முதலில் கதவுகளை நிறுத்தி, பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் பதிலுக்காகக் காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

அத்தான் அன்று ஊரில் இல்லை. நீ விடுப்புப் போட்டுவிட்டு வா. கடப்பாரைச் சத்தத்துக்குச் சிட்டு மிரளுவாள், யாராவது பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். என்னையும்.

அக்கா