உன் தோளில் இருக்கும் கை

என் குஞ்சு ஆரணிக்கு,

அப்பா மலை ஏறிவிட்டு வந்திருக்கிறேன். சிரிக்காதே. ஆர்ச்வே முருகன் கோயில் ஏற்றத்துக்கே மூச்சு வாங்குகிற மனிதன் மொரோக்கோவில் அட்லஸ் மலைக்குப் போனேன் என்றால் நாங்கள் இருக்கும் இல்ஃபோர்ட்டில் ஒருவரும் நம்பவில்லை. பாதி வழி நான் நடந்தேன், மீதி வழி கோவேறு கழுதை என்னைச் சுமந்தது.

போன வருஷம் நீ சிநேகிதிகளோடு அங்கே நடக்கப் போய் எடுத்த படம் நினைவிருக்கிறதா? உன் முப்பத்தொன்றாம் நாள் நினைவுமலரில் அதைத்தான் போட்டோம். பக்கத்தில் நின்ற அந்த ஊர்ப் பெண்ணைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். உன் தோளைச் சுற்றியிருந்த அவருடைய கையை மட்டும் வெட்ட முடியவில்லை. முன் அறையில் மாட்டிய படத்திலும் அந்தக் கை இருக்கிறது. விரலெல்லாம் கறுப்பு.

வருகிறவர்கள் எல்லாரும் "இது ஆரின்ரை கை?" என்று கேட்பார்கள். ஒருநாள் அம்மா உடைந்துவிட்டாள். "அந்த மனுசிக்குப் படம் குடுக்கிறன் எண்டு பிள்ளை சொன்னவள். ஆஸ்பத்திரிக்குப் போனதோடை அதுவும் நிண்டுபோச்சு."

இந்த வருஷம் இங்கே எல்லார் வீட்டிலும் வன்னிப் போரில் போன உயிர்களுக்காகத்தான் அழுகை. ஒரேயொரு பிள்ளைக்காக நான் யாரிடம் போய் அழுவது? வெட்டாத படத்தை உன் தோள்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். உங்களைக் கூட்டிப்போன வழிகாட்டியே வந்தான். உனக்கு நடந்ததை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

மலையின் நிறத்திலேயே மண் வீடுகள். ஒரு முற்றத்தில் ஒரு மனுஷி, விரலைக் கறுப்பாக்கும் பச்சை வால்நட் தோலை உரித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்குமுன் அந்தக் கறுத்த விரல்களை அடையாளம் கண்டுவிட்டேன், பிள்ளை. எத்தனை நாள் பார்த்த கை!

படத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் உன் முகத்தை முத்தமிட்டார். பிறகு எனக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தார்.

"மகள் பின்னால் வருகிறாளா என்று கேட்கிறார்," என்றான் வழிகாட்டி.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இல்லை, வேலை. லீவு கிடைக்கவில்லை" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு சோடி கம்பளிக் காலுறை கொண்டுவந்தார். குளிர் தாங்காமல் அவருடைய அடுப்படியை விட்டு நகராமல் இருந்தாயாமே. உனக்கென்று பின்னி வைத்தாராம். இறங்கி முடியும்வரை அழுதேன்.

உன் உடுப்பெல்லாம் கொடுத்து முடித்த வீட்டுக்கு, உனக்கென்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. செத்த பிள்ளையைப் பற்றிப் பொய் சொன்னதற்கு அம்மா ஏசுவாள் என்று பயந்தேன். அவள் காலுறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அங்கை இப்ப நல்ல குளிரோ?"

"ஓம்."

"நீங்கள் அப்பிடிச் சொன்னது நல்லதப்பா. அங்கையெண்டாலும் பிள்ளை உயிரோடை இருக்கட்டும்."

இப்போது சுவரில் முழுப் படம் மாட்டியிருக்கிறோம். அடுத்த வருஷம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். அந்த மனுஷி மறுபடியும் பாதையை எட்டிப் பார்ப்பார். எத்தனை வருஷமானாலும், உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றே சொல்வேன்.

உன்னைத் தேடி மலை ஏறிய,
அப்பா