நனையாமல் வந்த நோட்டு

என் மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நடமாடுகிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். என் கண்ணாடி உடைந்துவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள்.

இன்று உன் தம்பியின் நோட்டு நனையாமல் வந்தது, அதைத்தான் முதலில் பார்த்தேன். தொற்றுக் காலத்தில் போனிலேயே பாடம் படித்தவன் அல்லவா, பள்ளி திறந்த பிறகும் டீச்சர் கேள்வி கேட்டால் கேமராவை அணைப்பதுபோல நோட்டால் முகத்தை மூடிக்கொள்வான், அதன் ஓரத்தைக் கடித்துக் கடித்து ஊறவைத்துக் கொண்டுவருவான். இஸ்திரிக் கடையில் என்னோடு நிற்கிறவளின் மகள், யாராவது தும்மினால் வகுப்பை விட்டே ஓடிவந்துவிடுகிறாளாம். "பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, பயம்தான் விடல" என்றாள். "என் பையன் நோட்டையே தின்னுட்டு வர்றான், எனக்கு மதியச் சாப்பாடு மிச்சம்" என்றேன், சிரித்தோம், வேறென்ன செய்வது. இன்று ஏண்டா கடிக்கவில்லை என்று கேட்டால், "டீச்சர் கேக்கவே இல்லம்மா, நானே கையத் தூக்கிட்டேன்" என்கிறான். சொன்ன விடை தப்பாம், அதையும் பரிசு வாங்கியவன்போலச் சொல்கிறான்.

அவன் நோட்டால் முகத்தை மறைத்தான், இதை எழுதுகிறவள் இந்த வீட்டாலேயே தன்னை மறைத்துக்கொண்டாள். தொற்றுக் காலத்தில் வீட்டில் ஒரே போன், படிக்கிற பிள்ளைகள் இரண்டு. தம்பியிடம் கொடு என்று நான்தான் சொன்னேன், கொடுத்துவிட்டாள், இவள் படிப்பும் அதோடு நின்றது. சின்னவன் எப்போது தேறுவான் என்றே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், இவளைப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது. யாராவது கதவைத் தட்டினால் சமையலறைக்குள் போய்விடுகிறாள். பாதியில் நின்றவர்களுக்கு மாலை வகுப்பு வைக்கிறார்கள் என்று படிவம் வாங்கி வந்தேன், வெள்ளிக்கிழமை கடைசி நாள், அது அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. போனில் உன்னிடம் இதைச் சொன்னால் எழுந்து போய்விடுவாள், கடிதமென்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும், கண்ணாடி உடைந்ததும் நல்லதுக்குத்தான். எழுதுடி, நிறுத்தாதே.

ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பேசு, தம்பி கை தூக்கிய கதையை அவனே சொல்லக் காத்திருக்கிறான். நீ நினைத்ததெல்லாம் நடந்து நிறைவாக இருக்க வேண்டும்.

உன் அம்மா

அக்கா, நிறுத்தாதே என்று என்னை அதட்டியதையும் சேர்த்து எழுதிவிட்டேன். அம்மா கையெழுத்துப் போட்டதும் பேனாவைத் திருப்பி வாங்கி, படிவத்தில் என் பெயரை எழுதினேன்.