குறுக்கே வந்த உன் முகம்

என் அக்காச்சி,

திட்டுவதற்குக்கூட நீ இல்லையே! நீ புத்தகம் எழுதிய உன் அமெரிக்கக்காரரின் முகத்தை நான் அழித்துவிட்டேன். ஒரு கிழமையாகிவிட்டது.

உன் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு ஜேர்மனிக்கு, ஹம் நகரில் உன் வீட்டுக்கு வந்தேன். மாலை போடுவதற்கு முன் உன் படத்தைத் துடைத்தேன். அம்மா, அப்பா படங்களையும் துடைத்தேன். உன் மேசையில் அமெரிக்கக்காரரின் படம் வைத்த அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. கண்ணாடி உள்பக்கம் மங்கிக் கிடந்தது. பாவம், அவரும் செத்துப்போன மனிதர்தானே என்று அதையும் கழற்றினேன். உள்ளே இருந்த வெள்ளித் தகட்டில் ஈரத் துணியால் ஒரேயொரு இழுவை. கண்ணில்லை, மூக்கில்லை, தாடியில்லை! துணியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கறை.

கத்திவிட்டேன். அத்தான் ஓடி வந்து பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"ஐயோ பிள்ளை, அது தூசு இல்லை. அதுதான் படம்!"

உன் அமெரிக்கக்காரர் நூற்றைம்பது வருஷத்துக்கும் முந்தி மணிக்கூடு திருத்திய மனிதர். வெள்ளித் தகட்டில் படம் பிடிக்கும் புது வித்தையை ஒரே பனிக்காலத்தில் பழகி, குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போனார். செத்த குழந்தைகளைத் தூங்குவதுபோல் கிடத்தியும் படம் எடுத்தார். தகட்டில் படத்தைத் தெரியவைக்கும் பாதரசப் புகையில் பல்லெல்லாம் ஆட்டம் கண்டு, கடைசியில் தொப்பிக் கடை வைத்தார். ஊரார் முகமெல்லாம் எடுத்தவர், தன் முகத்தை அந்த ஒரு தகட்டில்தான் எடுத்தார். நெகட்டிவ் கிடையாது, பிரதியும் கிடையாது. ஹம்பேர்க்கில் பழைய சாமான் சந்தையில், பின்பக்கம் அவர் பெயர் கீறியிருந்த அதைக் கண்டு நீ அழுதாயாமே? வேலை முடிந்து வந்து வந்து நீ எழுதிய புத்தகத்தின் அட்டைக்கல்லவா அது?

"அக்கா இதைப் படம் எடுத்து வைக்கேல்லையோ அத்தான்?"

"எடுத்தவ. சரிவரேல்லை எண்டவ."

உன் டிஜிட்டல் கமராவில் ஒரே ஒரு படம் இருந்தது. அவருடைய நெற்றியும் தாடியும் தெரிகின்றன. நடுவில், கண்ணாடிபோல் மின்னும் தகட்டில், கமராவும் கையுமாகக் குனிந்து நிற்கிறாய் நீ. அன்றைக்குப் போனில் சினந்தாயே, "என்ரை மூஞ்சையெல்லோ குறுக்க வந்து நிக்குது! பிறகு எடுப்பம்" என்று. பிறகு உனக்கு எங்கே நேரம் வந்தது?

அட்டைக்கு அந்தப் படத்தையே அனுப்பியிருந்தேன்; இன்று அச்சகக்காரர் அழைத்தார்.

"கொம்பியூட்டரிலை உங்கடை அக்காவை அழிச்சுவிட்டால், அவர் வடிவா வருவார்."

"ஏலாது!" என்று நான் போட்ட சத்தத்தில் பாவம், அவர் பயந்துபோனார்.

தகட்டைத் துடைத்தவள் நான் என்று முதல் பக்கத்திலேயே எழுதுவேன், அக்கா. அட்டையில் அவரும் வருவார், குறுக்கே நீயும் நிற்பாய். இந்தக் கையால் உன்னையும் துடைக்க மாட்டேன்.

மாலை போட வந்து வினை செய்த
உன் தங்கச்சி