எர்லிண்டா தோற்க ஒரு நேர்த்தி

9 நவம்பர் 1991, ஹவுன்ஸ்லோ

எர்லிண்டா சோதினை பாஸ்! சட்டத்தில் மேற்படிப்பு, அதுவும் முதல் தரம். எங்கள் மேல்மாடி அறைக்கு வாடகைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெட்டை. ஒரு வருஷமாய் என் குசினி மேசையில்தான் அவளுடைய கொலிஜ். கோழிக்கறி காய்ச்சினேன். சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறாள் ('அக்கா' மட்டும் தமிழ், மிச்சம் இங்கிலிசு): "அக்கா, ஊருக்குப் போறன். மேயர் தேர்தலிலை நிக்கப்போறன்."

என் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

10 நவம்பர்

என் அண்ணையும் இப்படித்தான் மன்னாரில் ஊர்ச் சபைத் தேர்தலில் நின்றார். வென்றார். மூன்றாம் மாதம் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். எனக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

"இஞ்சையே ஒரு வேலையை எடு பிள்ளை" என்று கெஞ்சிப் பார்த்தேன். ம்ஹூம். அவளுடைய ஊரில் ஒரே குடும்பம் முப்பது வருஷமாய் மேயர் கதிரையை விடவில்லையாம். இங்கே வருமுன் மீனவர்களுக்காக வழக்காடியதற்கு, இவளுடைய ஒபிசுக்கு நெருப்பு வைத்தார்களாம். சிரித்துக்கொண்டு சொல்கிறாள், விசர்ப் பெட்டை!

4 ஜனவரி 1992

ஹீத்ரோவில் ஏற்றிவிட்டோம். அழுதது நான்தான்.

29 மார்ச்

பூசை முடிய அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தி வைத்தேன். எர்லிண்டா தோற்கவேண்டும். தோற்றால் திருநாளன்று கோயிலில் எல்லாருக்கும் என் கையால் சோறு.

இவருக்குச் சொன்னேன். "உனக்கென்ன விசரே? படிச்ச பிள்ளை தோக்கவோ?" என்று பாய்ந்தார்.

தோற்றால் உயிரோடு இருப்பாள் எல்லோ?

19 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

எர்லிண்டா போன் எடுத்தாள். கூட்டத்துக்குப் போன வழியில் அவளுடைய ஜீப்புக்குச் சுட்டிருக்கிறார்கள். நல்லகாலம், கண்ணாடி உடைந்ததோடு போயிற்று. ஐயோ மாதாவே!

பிறகு சொல்கிறாள்: "அக்கா, நான் வெல்லவேணும் எண்டு நேர்த்தி வையுங்கோ. நீங்கள் கேட்டால் கிடைக்கும்."

ஓம் என்றுவிட்டேன். வேறு என்ன சொல்ல? வைச்ச நேர்த்தியைத் திருப்பி எடுக்க ஏலுமே? ஆரிட்டைக் கேக்கிறது? சுவாமியாரிட்டைக் கேட்டால் சிரிப்பார்.

11 மே

இன்று அங்கே வாக்களிப்பு.

14 மே

இன்னும் போன் இல்லை. வேலையில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளுக்குக் கரண்டி வைக்க மறந்து, சூப்பர்வைசரிடம் நல்ல ஏச்சு. ஏசட்டும். அந்தோனியாரே, வெண்டாலும் சரி, தோத்தாலும் சரி — அந்தப் பிள்ளையின்ர குரலை எனக்குக் கேக்கப்பண்ணும்.

16 மே

"அக்கா, வெண்டிட்டன்!"

குரலைக் கேட்டதும் படியிலேயே குந்திவிட்டேன். இருநூறு சொச்சம் வாக்குத்தான் வித்தியாசமாம். மனம் கேட்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன்: நான் தோற்கச் சொல்லித்தான் வேண்டினேன் என்று. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு: "அப்ப அதாலைதான் இவ்வளவு இறுக்கமாப் போச்சு!"

இவர் பக்கத்தில் நின்று, "நல்லது, சோறு மிச்சம்" என்கிறார். மனுசனுக்கு எப்பவும் பகிடிதான். குரலைக் கேட்டிட்டன், நான் சோறு குடுக்கத்தான் போறன்.

9 ஜூலை

மேயர் அம்மா பதவியேற்று ஒரு கிழமை. போனில் பயந்து பயந்து, "என்ன பிரச்சினை பிள்ளை அங்கை?" என்று கேட்டேன்.

ஆடாம்! ஒருத்தன்ர ஆடு பக்கத்து வீட்டுக் கத்தரித் தோட்டத்தை முழுக்கத் தின்றுவிட்டதாம். இரண்டு வீட்டுச் சனமும் ஆட்டையும் இழுத்துக்கொண்டு ஒபிசுக்குள்ளேயே வந்து நின்றதாம். லண்டனில் படித்த சட்டமெல்லாம் ஆட்டிடம் எடுபடவில்லையாம். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் அது அழுகையா, சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

மன்னாரிலையும் சனம் சபைக்கு ஆட்டை இழுத்துக்கொண்டு போற ஒரு நாள் வரவேணும், ஆண்டவரே.