நாலாவதாக வந்து எடுத்த கப்

ஏட்டி,

இன்றைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் கடையில் இருந்த கப்பைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன விலைம்மா?" என்று கேட்டார். நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில்தான் அதை வைத்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஒரு காது கறுத்துப்போய்விட்டது. வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் வைக்கலாமே என்கிறார் என் வீட்டுக்காரர். வைக்க மாட்டேன். ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிற ஒவ்வொரு ஆளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"விக்கதுக்கு இல்ல சார், ஜெயிச்சது" என்றேன். பக்கத்தில் உன் பழக்கடை இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் அந்த மனிதரை உட்கார வைத்து, மங்குஸ்தான் உடைத்துக் கொடுத்து, முழுக் கதையையும் சொல்லித்தான் அனுப்பியிருப்பாய். நீ இல்லை. அதனால் கதையை உனக்கே சொல்கிறேன்.

நம் பெண்கள் கபடி லீக்கை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். சாரல் விழத் தொடங்கினால் லீக்கும் தொடங்கிவிடும். தென்காசியில் தகர ஷெட்டுக்குள் மேட் விரித்து, சனிக்கிழமைதோறும் ஆட்டம். குளுகுளுவென்று இருக்கும், கூட்டமும் சேரும், எல்லாருக்கும் வசதி. ஐந்தருவிக் கடைக்காரிகளான நமக்கு மட்டும் வருசச் சோறே அந்த சீசனில்தான். ஏழு பேர் தேறாமல், வந்த ஆளை வைத்து ஆடி, அடி வாங்கிக்கொண்டு திரும்புவோம். சீசன் ஓய்ந்து ஆள் முழுசாகச் சேர்ந்த பிறகு எந்த டீம் வந்தாலும் மடக்குவோம். ஆனால் அதற்குள் பட்டியலில் எங்கேயோ கிடப்போம். முதல் இரண்டு இடத்துக்குத்தான் ஃபைனல். என்ன குட்டிக்கரணம் போட்டாலும் நமக்கு நாலாவது இடம்தான்.

கமிட்டிக் கூட்டத்தில் நீதான் எழுந்தாய். "நாலு டீமை விடுங்க அண்ணாச்சி. நாலாவதா வந்தவ மூணாவதா வந்தவளோட மோதட்டும். ஜெயிச்சா ரெண்டாவதோட. அதுலயும் ஜெயிச்சா முதலாவதோட ஃபைனல். ஓசியில ஒண்ணும் கேக்கல, ஒவ்வொரு படியா ஏறித்தான வாரோம்?"

தலைவர் அண்ணாச்சி இரும்புக்கடைக்காரர். யாவாரம் தனக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு அவருக்கு. "கடையெல்லாம் ஒரு காரணமாம்மா? நானும் கடைக்காரன்தான். ஆள் வச்சிட்டு ஆட வாங்க" என்றார். எனக்கு நாக்கு துடித்தது. நீ சிரித்துக்கொண்டே, "அப்ப வார சனிக்கிழமை நீங்களே எங் கடைக்கு ஆளா வாங்க அண்ணாச்சி. நான் ஆடிட்டு வந்திருதேன்" என்றாய். கூட்டமே சிரித்தது. வீம்புக்கு அவரும் சரி என்றுவிட்டார்.

அன்றைக்கு நாம் ஆடி ஜெயித்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது அவர் இருந்த கோலம் நினைவிருக்கிறதா? வெள்ளைச் சட்டையெல்லாம் பழச்சாறு. தொண்டை கட்டி, ஸ்டூலில் சாய்ந்து கிடந்தார். "ஒரே நேரத்துல பஸ் பஸ்ஸா வந்து எறங்குதாங்க. ரம்பூட்டானை எடுக்கத் திரும்புனேன், குரங்கு ஒரு கூடையவே தூக்கிட்டுப் போயிட்டு. இங்கன மனுசன் மூச்சு விட முடியுமா?" என்றார். நீ டீ வாங்கிக் கொடுத்தாய். அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, "இனிமே நாலு டீம். எதிர்த்துப் பேசுறவங்க ஒரு சனிக்கிழமை ஐந்தருவியில நின்னுட்டு வந்து பேசுங்க" என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வருசம் அந்த விதி ஆட்டத்துக்கு வந்தபோது நீ இல்லை. தையில் காய்ச்சல் என்று படுத்தாய், மாசியில் போய்விட்டாய். உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். வாங்கிக் கொடுத்தவள் ஆடாமல் போனால் அது என்ன நியாயம்?

வழக்கம்போல நாலாவதாக வந்தோம். மூன்றாவது டீமோடு நாம் மோத வேண்டிய ஆட்டத்துக்கு, தோற்றவர்கள் வெளியே என்பதால், 'எலிமினேட்டர்' என்று பெயராம். மைக் பிடிக்கிற தம்பி அதை போனிலேயே ஃப்ளெக்ஸ் கடைக்குச் சொல்லியிருக்கிறான். ஷெட் வாசலில் என்ன தொங்கியது தெரியுமா? 'மாபெரும் எலி மேட்ச்!' நம் படத்துக்கும் அவர்கள் படத்துக்கும் நடுவில் கொழுத்த எலி ஒன்று. நம் பிள்ளைகள் அழாத குறை. "ஏலே, எலியெல்லாம் எறங்குதுலே!" என்று கூட்டத்தில் ஒரே நக்கல். கழற்றச் சொல்லலாம் என்றார்கள். "கெடக்கட்டும். எலி எங்கெங்க பூரும்னு பாக்கட்டும்" என்றேன்.

பூந்தோம்ட்டி! மூன்றாவது டீமை ஓட ஓட விரட்டினோம். மறுநாள் இரண்டாவது டீம், அவர்களையும் மடக்கினோம். முந்தின நாள் நக்கல் அடித்த அதே வாய்கள் "எலி! எலி!" என்று நமக்காகக் கத்தின.

ஃபைனலில் சுந்தரபாண்டியபுரம். லீக் முழுக்கத் தோற்காத டீம். அவர்கள் கேப்டன் பேச்சியம்மாள் கபடி பாடி வந்தால் நானே ரெண்டு அடி பின்னால் போய்விடுவேன். புள்ளி சமமாக நிற்கிறது, கடைசிப் பாட்டு அவளுடையது. நீ ஆடிய வலது ஓரத்தைப் பார்த்துத்தான் போனாள். அங்கே புதுப்பிள்ளை நிற்கிறாள், தொட்டுவிடலாம் என்று கணக்கு. காலை எட்டிப் போட்டாள். இடது ஓரத்திலிருந்து நான் பாய்ந்தேன். கணுக்காலைப் பிடித்தேன் என்றா சொல்வது? கட்டிக்கொண்டேன். விசில் அடித்தும் விடவில்லை. "ஏட்டி, விடுட்டி, காலு எனக்கு வேணும்!" என்று அவளே கத்தினாள். இரும்புக்கடை அண்ணாச்சி நாற்காலி மேல் ஏறி நின்று ஆடுகிறார். நான் மேட் மேலேயே கிடந்து உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். சந்தோசத்தில்தான் அழுதேன், அதை யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

போன வாரம் கமிட்டி கூடியது. பேச்சியம்மாள் எழுந்தாள். "லீக் பூரா தோக்காதவ நான். ஒரே ஒரு பிடி, கப்பு அவளுக்கு. பழையபடி ரெண்டு டீமே போதும் அண்ணாச்சி" என்றாள். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நம் பிள்ளைகள் என் இடுப்பில் கிள்ளுகிறார்கள், சண்டைக்குப் போ என்று.

எழுந்தேன். விதி கிடைத்த அன்றைக்கு நீ என்னிடம் மட்டும் சொன்னதைச் சொன்னேன். "முதலாவதா வந்தவள ஃபைனல்ல ரெண்டு தடவ தோக்கடிச்சாத்தான் கப்புன்னு வச்சிருக்கணும்ட்டி, லீக் பூரா முன்னால நின்னவளுக்கு அதான நியாயம். அதையும் கேட்டா இதையும் தர மாட்டாங்கன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றாயே, அதை. நாலு டீம் இருக்கட்டும், ஃபைனலில் முதலாவது டீமை மட்டும் இரண்டு தடவை ஜெயிக்க வேண்டும் என்றேன்.

"கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு?" என்று நம் பக்கத்திலிருந்து ஒரு குரல். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி, "கப்ப கையில வச்சிருக்கவளே கேக்கா. எழுதிக்கிடுங்க" என்றார்.

அடுத்த வருசம் பேச்சியம்மாளை இரண்டு முறை மடக்க வேண்டும். இப்போதே முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ கேட்காமல் விட்ட பாதியையும் கேட்டு வாங்கிவிட்டேன்ட்டி. இனி அந்த விதி முழுசும் உன்னுடையது.