ஒன்பதாம் கற்பனைக்கு ஒரு பிரசங்கம்

1931 ஜூன் 8, திங்கள்
போதகர் ஐயா சீட்டு எழுதியனுப்பியிருந்தார். வரும் ஞாயிறு அவர் வேறு சபைக்குப் போகிறாராம். இங்கே பிரசங்கம் என் பொறுப்பு. தேவன் கட்டளையாகக் கொடுத்த பத்துக் கற்பனைகளை வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லி வருகிறார். எனக்கு விழுந்தது ஒன்பதாவது. ‘பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக.’

உபதேசியார் ஆகிப் பதினோரு வருஷம். இதுதானா எனக்கு வரவேண்டும்?

ஜூன் 9
மழை. ஒரு வரிகூட எழுதவில்லை.

ஜூன் 10
நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். ராஜா ஆசைப்பட்ட நிலத்துக்காக இரண்டு பேர் பொய்ச்சாட்சி சொல்கிறார்கள். அவர்கள் பெயர் வேதத்தில் இல்லை. எங்கள் ஊர்க் காரியத்தில் சாட்சியின் பெயர் இருக்கிறது, கையெழுத்தோடு. யேசுரத்தினம். நான்தான்.

எழுதியே விடுகிறேன். போன மாசியில் தாசில்தார் விசாரணைக்கு வந்தபோது, சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கனார் ஜஸ்டஸின் தோப்பு வேலி நான் வந்த நாள்முதல் அதே இடத்தில்தான் நிற்கிறது என்றேன். அதற்கு முந்தின ஐப்பசியில்தான் அதைப் பிடுங்கி, முத்துநாயகத்தின் பனை விளைக்குள் தள்ளி நட்டார்கள். பார்த்தேன். அவனுடைய ஒன்பது பனை டீக்கனார் பக்கம் போயிற்று. முத்துநாயகம் பனையேறி. அதைவிட்டால் அவனுக்கு என்ன உண்டு?

டீக்கனார் கெட்டவர் அல்ல. என் மகள் தேவகனி ஜன்னியில் கிடந்தபோது தன் வில்வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். மூன்று நாள் எங்களோடு வராந்தாவில் கிடந்தார். “ஒரு வார்த்ததானே உபதேசியாரே” என்று அவர் கேட்டபோது எப்படி மறுப்பேன்?

மறுத்திருக்கலாம்.

ஜூன் 11
என் மனைவி நேசபாயிடம் சொன்னேன்.
“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள்.
எப்படி?
“சாட்சி சொல்லிட்டு வந்து ஜெபம் பண்ணாம சோறு தின்னியளே.”

ஜூன் 12
மத்தேயு ஐந்து. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடே ஒப்புரவாகச் சொல்கிறார் ஆண்டவர். முதலில்! நானோ, ஞாயிறு கழியட்டும் என்றிருந்தேன்.

ஜூன் 13, சனி
காலையில் போனேன். முத்துநாயகம் பாளையரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் சொன்னேன். நிமிரவில்லை. அவன் மனைவி ஞானபாய்தான் கேட்டாள்:
“இப்பம் எதுக்கு வந்தீரு? நாளைக்குப் பிரசங்கம் பண்ண மனசு லேசாவணும், அதுக்கா?”

பாதி அதற்குத்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா. ஆனா தாசில்தார்ட்டயும் போய்ச் சொல்லுவேன்” என்றேன்.

அப்போதுதான் முத்துநாயகம் வாய் திறந்தான். “சொல்லிட்டு வாரும்.”

டீக்கனார் வீட்டுக்கும் போனேன். நாளை கோயிலில்தான் அவர் முதன்முதல் கேட்க வேண்டும் என்றிருக்கக் கூடாது.
“உம்ம பிள்ளைய நான் கொண்டு போனேனே, வேய்” என்றார். கோபமில்லை. கண் கலங்கியிருந்தது.

ஜூன் 14, ஞாயிறு
நாபோத்தின் கதையைச் சொன்னேன். பிறகு, இந்த ஊரில் அந்தச் சாட்சி நான் என்றேன். டீக்கனார் எழுந்து போனார். அவர் பின்னால் நாலைந்து பேர். எழுதி வைத்திருந்த மீதிப் பிரசங்கத்தைப் படிக்கவில்லை.

ஜூன் 16
தாலுகா கச்சேரியில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். தாசில்தார் மேலும் கீழும் பார்த்தார். “நீரா வேதம் சொல்லிக் குடுக்கிறவர்?”
ஆம் என்றேன்.

ஜூலை 3
திருச்சபைச் சங்கத்தின் முடிவு வந்துவிட்டது. ஒரு வருஷம் பிரசங்கபீடம் ஏறக்கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நியாயம்தான். ஆனாலும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 20
தாலுகாவிலிருந்து வந்து நிலத்தை அளந்து முடித்தார்கள். வேலி பழைய இடத்துக்கே போயிற்று. டீக்கனார் தானே நின்று பிடுங்கச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு
கடைசி வரிசையில், பாயில் உட்கார்ந்திருந்தேன். ஆராதனை தொடங்கியபின் முத்துநாயகம் வந்தார். மாசிக்குப் பிறகு இன்றுதான் கோயிலுக்கு வருகிறார். முன்னால் இடமிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

“எனக்கு எழுத்துத் தெரியாது. பாட்ட எடுத்துத் தாரும்.”

எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.