எஸ்தருக்கு முதலில்

நவம்பர் 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். என் வலது முழங்காலைக் காட்ட எலும்பு டாக்டரிடம் போனோம். துணைக்கு என் வீட்டுக்காரி எஸ்தர். ஃபைல், பழைய எக்ஸ்ரே, குடை எல்லாம் அவள் கையில்.

டாக்டர் சின்ன வயது. என்னைப் பார்ப்பதற்கு முன்பே, உள்ளே வந்த அவளுடைய நடையைக் கவனித்துவிட்டு அவளிடம், "அம்மா, அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், இவுகளுக்குத்தான்."

விடவில்லை. அவளுக்கும் எக்ஸ்ரே. இரண்டு படங்களும் திரையில் பக்கத்தில் பக்கத்தில். என் மூட்டில் இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவளுடைய இடது மூட்டில் இடைவெளியே இல்லை. எலும்போடு எலும்பு உரசுகிறதாம். எனக்கு உடற்பயிற்சி போதும். அவளுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன்.

"எவ்வளவு நாளா வலிக்கு?"

"அஞ்சு வருசம் இருக்கும்."

அந்த ஐந்து வருடமும் என் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டவள்.

நவம்பர் 5, புதன்
ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் நொண்டிக்கிட்டிருந்தா வீட்ட யாரு பாக்கது?"

தோசைக்கரண்டியை வாங்கி அடுத்த தோசையை நான் திருப்பினேன்.

நவம்பர் 8, சனி
வெயில். மறுபடி டாக்டர். எஸ்தருக்குப் பயம். காலையே அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். டாக்டர் பிளாஸ்டிக் முழங்கால் ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டினார். தேய்ந்த மேல்பரப்பை மட்டும் சீவி எடுத்துவிட்டு உலோக உறை. நடுவில் வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் தட்டு. அவ்வளவுதான். அதை நாலைந்து முறை மடக்கிப் பார்த்தாள். "சரி, வைங்க" என்றாள்.

வாங்க: வாக்கர். கைப்பிடி வைத்த உயர நாற்காலி. ஐஸ் பை. கழிப்பறைச் சுவருக்குப் பிடிகம்பி (கொத்தனாரிடம் சொல்ல).

நவம்பர் 13, வியாழன்
ஆபரேஷனுக்கு எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நான். பேப்பரை விரித்தேன், ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை. பத்தேமுக்காலுக்குத் தள்ளுவண்டியில் வந்தாள். முழித்துக்கொண்டுதான் இருந்தாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைத்திருக்கிறார்கள்.

"ஏங்க, உள்ள தச்சு வேலைல்லா நடந்துச்சு! டொக்கு டொக்குன்னு சுத்தியல் சத்தம்."

சிரித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி
நிற்க வைத்துவிட்டார்கள்! மறுநாளே! பிசியோதெரபி பொண்ணு செல்வி, வாக்கரைப் பிடித்தபடி: "பைய, ஆச்சி. நாந்தான் பிடிச்சிருக்கேம்லா." பதினொரு எட்டு வைத்தாள். எண்ணினேன்.

நவம்பர் 17, திங்கள்
வீடு. மழை. ரசம் வைத்தேன். உப்பு மறந்துபோச்சு. சொல்லாமல் குடித்தாள். இனிமேல் எதையும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று சொன்னேன். "அப்பம் ரசம் நல்லாயில்ல" என்றாள்.

நவம்பர் 24, திங்கள்
மோசமான நாள். செல்வி வீட்டுக்கு வந்து அளந்தாள். எழுபது டிகிரிதான் மடங்குகிறது. தொண்ணூறு வந்திருக்க வேண்டும். இப்போது மடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடுமாம். எஸ்தர் வலி தாங்காமல் செல்வியின் கையைத் தட்டிவிடுகிறாள். நான் சத்தம் போட்டேன்.

"நீங்க அஞ்சு வருசமா வலிக்கி, வலிக்கின்னீங்களே. நான் ஒரு நாளாவது உங்கள வஞ்சிருப்பேனா, சத்தம் போட்டிருப்பேனா?"

செல்வி பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள். தப்புதான் என்றேன். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "நீ ஒண்ணு மடக்கு, நான் ஒண்ணு மடக்குதேன்." டாக்டர் எனக்குச் சொன்ன பயிற்சியை நான் ஒரு நாள்கூடச் செய்ததில்லை. எனக்கும் வலித்தது. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

நவம்பர் 28, வெள்ளி
தையல் பிரித்தாயிற்று. காயம் சுத்தம். எண்பத்தெட்டு டிகிரி மடங்குகிறது.

டாக்டர்: தரையில் உட்காரக் கூடாது. முழங்கால் போடக் கூடாது. வீட்டில் ஜெபம் என்றால் எஸ்தருக்கு முழங்காலில்தான், சின்னப்பிள்ளையிலிருந்தே. உட்கார்ந்து ஜெபித்தால் கேட்காதா என்றேன். முறைத்தாள். சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்தாள். ரொம்ப நேரம்.

டிசம்பர் 5, வெள்ளி
நூற்றிரண்டு! செல்வி கைதட்டினாள். எனக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கிறது.

டிசம்பர் 29, திங்கள்
பனி. ஆறு வாரச் சோதனைக்குப் போனோம். படம் நன்றாக இருக்கிறது. படி ஏறலாம், இனி வாக்கரும் வேண்டாம், கம்பும் வேண்டாம். "அடுத்தது நீங்களா சார்?" டாக்டர் கேட்டதற்கு, "இவுக இன்னும் ரெண்டு வருசம் ஓட்டட்டும். நல்லா மடக்குதாக" என்று எஸ்தர் பதில் சொல்லிவிட்டாள்.

வெளியே வந்து ஆட்டோவுக்குக் கை காட்டினேன். திரும்பினால் ஆளைக் காணோம். டவுண் பஸ் நின்றிருந்தது. உள்ளே இரண்டாவது படியில் கம்பியைப் பிடித்தபடி எஸ்தர். "ஏங்க, வாங்க. எடம் இருக்கு." முதல் படியில் என் கால் மக்கர் பண்ணியது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் ஒரு படி இறங்கிக் கையை நீட்டினாள்.